லண்டன் தாத்தா கடிகாரம் செஞ்சிக்கு வந்தால் ஏன் லேட் ஆகிறது?

லண்டனில் நிமிஷம் பிசகாமல் ஓடிய பழைய தாத்தா கடிகாரம் ஒன்றை அப்படியே கொண்டுவந்து செஞ்சியில் ஒரு வீட்டு ஹாலில் நிறுத்தினால் என்ன ஆகும்? தினமும் சுமார் 2 நிமிஷம் பின்தங்கும். மாசக் கடைசியில் ஒரு மணி நேரம் லேட்! ரிப்பேர்னு நினைச்சு யாரையும் கூப்பிட வேண்டாம். கடிகாரத்தில் கோளாறு இல்லை; ஊர் மாறியதுதான் காரணம்.

ஊசல் ஆடும் வேகம் அதன் நீளத்தையும், அந்த இடத்தின் ஈர்ப்பு விசையையும் பொறுத்தது. பூமி நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கிறது, சுழலவும் செய்கிறது. அதனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஈர்ப்பு சற்றுக் குறைவு, ஊசலும் மெதுவாக ஆடும். 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷர் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனபோது, பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கே தினமும் இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. பூமி முழு உருண்டை இல்லை என்று வாதிட்ட நியூட்டனுக்கு இது நல்ல சாட்சியானது.

1677இல் சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். அப்போது நம்ம பக்கம் நேரம் என்றால் நாழிகைதான். ஒரு நாழிகை 24 நிமிஷம், நாளுக்கு 60 நாழிகை. அதே காலத்தில்தான் லண்டனில் இந்த உயரமான கடிகாரங்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஊசல் கடிகாரத்தை 1656லேயே ஹாலந்தின் ஹைகன்ஸ் உருவாக்கிவிட்டார். ஆனால் அதன் குட்டை ஊசல் அகலமாக வீசி ஆடும். நங்கூர வடிவத்தில் ஒரு சின்ன உறுப்பு வந்த பிறகுதான், நீளமான ஊசல் கொஞ்சமாக அசைந்தாலே போதும் என்றானது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் வேண்டும். அதை அடக்கத்தான் அந்த 6, 7 அடி மரப்பெட்டி. அழகுக்காக உயரமாகச் செய்ததில்லை.

'தாத்தா' என்ற பேர் ரொம்பப் பின்னால் வந்தது. 1876இல் அமெரிக்காவில் ஹிட்டான ஒரு பாட்டு கொடுத்த பட்டம் அது.

உள்ளே பேட்டரி இல்லை. கயிற்றிலோ சங்கிலியிலோ தொங்கும் எடைகள் மெல்ல இறங்குவதுதான் அதன் 'பவர்'. பெரும்பாலானவற்றுக்கு வாரம் ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். வெயிலும் விளையாடும். இரும்புத் தண்டு உள்ள ஊசல், வெப்பம் 10 டிகிரி கூடினால் நீண்டு, நாளுக்கு 5 விநாடி பின்தங்கும்.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மனுஷர் ஒருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். ஜான் ஷெல்டன் செய்த வானியல் கடிகாரம் அது. கேப்டன் குக் பயணத்தில் கொண்டுபோனதும் ஷெல்டன் கடிகாரமே. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வான் ஆய்வகத்தில் இருந்த அது, இப்போது கொடைக்கானல் ஆய்வகத்தில் உள்ளது. அந்த நுங்கம்பாக்கம் ஆய்வகம் கணித்த 'மெட்ராஸ் நேரம்' தந்தி வழியாக நாட்டின் ரயில்களுக்குப் போனது. 1906இல் இந்திய நேரம் வந்தது. ஆய்வகத் தலைவர் கோல்டிங்ஹாம் 1821இல் சென்னையில் விநாடி ஊசலின் நீளத்தையும் அளந்தார். லண்டனைவிட இங்கே சுமார் 3 மில்லிமீட்டர் குறைவு.

சரி, காரைக்குடி பழம்பொருள் கடைத்தெருவில் இப்படி ஒன்று கண்ணில் பட்டால்? பழசு என்பதற்காக மட்டும் விலை ஏறாது. உள் இயந்திரமும் பெட்டியும் ஒரே கடிகாரத்தோடு பிறந்தவையா என்பதே முதல் கேள்வி. வேறு வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் 'கல்யாணம்' பண்ணி வைத்தவை நிறைய உண்டு. இயந்திரம் உட்காரும் பலகையில் தேவையில்லாத துளைகள் இருக்கிறதா, டயலுக்கும் பெட்டியின் சட்டத்துக்கும் இடைவெளி தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டயலில் உள்ள பேரை மட்டும் நம்ப வேண்டாம். அண்ணா சாலை பி.ஆர். அண்ட் சன்ஸ் போன்ற கடைகளின் பேர் பொறித்த டயல்கள் உண்டு. விற்றவர் பேரே செய்தவர் பேராக இருக்கணும்னு இல்லை. பெட்டிக்குப் புது பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கியிருந்தால், சேகரிப்பாளர்கள் பார்வையில் மதிப்பு குறையத்தான் வாய்ப்பு.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் கவனிக்க: வரலாற்று மதிப்புள்ள, 100 வருஷம் தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனிநபர் நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது.

வண்டியில் ஏற்றும் முன் ஊசலையும் எடைகளையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ஊசலைத் தாங்கும் மெல்லிய ஸ்பிரிங் முறிந்துவிடும். வீட்டில் சமதளத்தில், சுவரோடு அசையாமல் நிறுத்த வேண்டும். டிக்-டாக் சத்தம் சீராக வருகிறதா என்று கேளுங்கள். நொண்டினால் பெட்டி சாய்ந்திருக்கலாம். லேட்டாக ஓடுகிறதா? ஊசல் குண்டுக்குக் கீழே ஒரு திருகு இருக்கும். அதைத் திருகிக் குண்டை மேலே ஏற்றுங்கள். லண்டன் கடிகாரம் செஞ்சி நேரத்துக்கு வர அந்த 3 மில்லிமீட்டர் போதும்.