அமெரிக்காவிலும் அது 'தர்மாஸ்பத்திரி'தான்: பிலடெல்பியாவில் தொடங்கி கல்வராயன் மலை வரை ஒரு மருத்துவமனைக் கதை

அரசு மருத்துவமனையை வயதானவர்கள் இன்னமும் 'தர்மாஸ்பத்திரி' என்பார்கள். காசில்லாதவர் போகும் இடம் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கையில் பணம் இருந்தால் கள்ளக்குறிச்சிக்காரர்கள் சேலம், புதுச்சேரி என்று தனியார் மருத்துவமனைக்கு வண்டி பிடித்துவிடுவார்கள். நவீன மருத்துவத்தின் தலைநகரம் போலப் பேசப்படும் அமெரிக்காவிலும் மருத்துவமனை இப்படித்தான் தொடங்கியது.

பிலடெல்பியா நகரில் தாமஸ் பாண்ட் என்ற டாக்டரும் பெஞ்சமின் பிராங்க்ளினும் சேர்ந்து 1751-ல் பென்சில்வேனியா மருத்துவமனையைத் தொடங்கினார்கள். ஏழை நோயாளிகளுக்கும் மனநலம் குன்றியவர்களுக்கும்தான் அது. பணம் திரட்ட பிராங்க்ளின் ஒரு தந்திரம் செய்தார். மக்கள் 2,000 பவுண்டு திரட்டினால் அரசும் 2,000 பவுண்டு தர வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 'எங்கே திரட்டப் போகிறார்கள், செலவில்லாமல் நல்ல பெயராவது கிடைக்கட்டும்' என்று எதிர்த்தவர்களும் கையைத் தூக்கினார்கள். பணம் சேர்ந்துவிட்டது!

(சென்னை இதில் சீனியர். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1664-லேயே மருத்துவமனை வந்துவிட்டது. ஆனால் அது கம்பெனி சிப்பாய்களுக்காக வந்தது.)

பணக்காரர்கள் ஏன் போகவில்லை?

வசதியானவர்களுக்கு டாக்டர் வீட்டுக்கே வருவார். பிரசவம், அறுவை சிகிச்சை எல்லாம் வீட்டிலேயே நடக்கும். மருத்துவமனைக்குப் போனால் இருக்கிற நோயோடு இன்னொன்றும் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் இருந்தது. கிருமி பற்றித் தெரியாத காலத்தில் அது நியாயமான பயம்தான். பாஸ்டனில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை சிகிச்சை செய்து காட்டியது 1846-ல். கிருமிநாசினி முறை வந்தது அதற்கும் 20 ஆண்டு கழித்து. அமெரிக்கா முழுவதும் 1873-ல் எடுத்த கணக்கில் இருந்தவை வெறும் 178 மருத்துவமனைகள். 1909-ல் அது 4,000-ஐத் தாண்டியது. நடுத்தர வர்க்கமும் உள்ளே வரத் தொடங்கியது.

அந்த மாற்றத்துக்கு வெகுமுன்பே அமெரிக்க டாக்டர்கள் தமிழ் மண்ணுக்கு வந்துவிட்டார்கள். நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு இருந்த ஜான் ஸ்கடர், 1819-ல் கப்பலேறி யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார். அதே யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் வந்த சாமுவேல் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தைப் பெரும்பாலும் தமிழிலேயே கற்றுக்கொடுத்து 60-க்கும் மேற்பட்டவர்களை டாக்டர்களாக்கினார். பாடநூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். மருத்துவக் கல்வியைத் தமிழில் தர முடியுமா என்று இன்றும் விவாதிப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

திண்டிவனத்தில் மூன்று மரணங்கள்

ஸ்கடரின் பிள்ளைகள் 1853-ல் அமெரிக்க ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். 1866-ல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை வந்தது. திண்டிவனத்திலும் மிஷன் இருந்தது. அப்போது திண்டிவனமும் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்.

அங்கேதான் அந்த இரவு. ஸ்கடரின் பேத்தி ஐடா அப்போது டாக்டர் இல்லை, பெற்றோரைப் பார்க்க வந்திருந்த இளம்பெண். இந்து, முஸ்லிம் என மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற அவரைக் கூப்பிட்டார்கள். "என் அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன்" என்றதும் மூவரும் மறுத்துவிட்டார்கள். ஓர் ஆண் பிரசவம் பார்ப்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

டாக்டர் இருந்தார், கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். ஆனாலும் அந்தப் பெண்களுக்கு அவர் கிடைக்கவில்லை.

ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். 1902-ல் 40 படுக்கை மருத்துவமனை, 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய சிஎம்சி அப்படி வளர்ந்ததுதான். ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று, 1909-ல் கிடைத்த பியூஜோ கார். மருத்துவமனைக்கு வர முடியாதவர்களை நோக்கி அதில் குடியாத்தம் சாலையில் போவார். வழியில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். அங்கேயே வைத்தியம், அங்கேயே மருந்து.

மலைக்கு மேலே

கல்வராயன் மலையில் இப்படி ஒரு கதை நடக்கவில்லை. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் பெரிய சிகிச்சைக்கு வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கீழே இறங்கித்தான் கள்ளக்குறிச்சி வர வேண்டும். சாலையே இல்லாத கிராமங்களில் டோலி கட்டித் தூக்கிவந்த செய்திகளும் உண்டு.

கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமானது. சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது. இருந்தும் 2024 ஜூனில் கருணாபுரம் மெத்தனால் கள்ளச்சாராயச் சாவுகளின்போது, நோயாளிகளை ஜிப்மர், சேலம், முண்டியம்பாக்கம் என்று பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது.

ஐடாவின் கார் செய்த வேலையில் ஒரு பங்கை இன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' செய்கிறது. சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிரசவத்துக்கு அது போதாது. அதற்காக மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் 'பிரசவ காத்திருப்பு அறை' என்ற ஏற்பாடு தமிழகத்தில் இருக்கிறது. குறித்த தேதிக்குச் சில நாள் முன்பே கர்ப்பிணி அங்கே வந்து தங்கிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த நாட்களில் வீட்டில் இருக்கும் மூத்த பிள்ளையையும் ஆடுகளையும் யார் பார்த்துக்கொள்வது என்பதை அவரும் குடும்பமும் முதலில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.