கடலைமிட்டாயை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்

நர்சிங் முடித்து இங்கிலாந்து வேலைக்குப் போக நினைக்கிறவர்கள், அங்குள்ள நர்சிங் கவுன்சிலில் பதிய ஆங்கிலத் திறனைக் காட்ட வேண்டும். ஐஇஎல்டிஎஸ் எழுதினால் பேச்சில் 9-க்கு 7 தேவை. கயத்தாறு, கோவில்பட்டி பக்கமிருந்து இதற்குத் தயாராகும் பிள்ளைகள், பெரிய பெரிய சொற்பட்டியலை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்கக் கூடாதே என்பதுதான் என் கவலை.

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதலில் ஊர், வீடு, வேலை, சாப்பாடு என்று கேட்பார்கள். அடுத்து ஓர் அட்டையைக் கொடுத்து, 1 நிமிடம் யோசிக்க விட்டு, 2 நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். பிறகு அதையொட்டிய உரையாடல். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு.

பிடித்த தின்பண்டம் பற்றி அட்டை வருகிறது என்று வையுங்கள். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலைமிட்டாய் நம் கையில் இருக்கிறது. ‘டெலிஷியஸ்’ என்று மூன்று தடவை சொன்னால் பேச்சு நின்றுபோகும். கடலையை வறுக்க வேண்டும், தோல் நீக்க வேண்டும், வெல்லப்பாகு காய்ச்ச வேண்டும், கடலையைக் கொட்டிக் கிளற வேண்டும், பரப்பி, சூடு ஆறுமுன் வெட்ட வேண்டும். ரோஸ்ட், பீல், பாயில், ஸ்டிர், ஸ்பிரெட், கட். எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. வாயில் கோவையாக வருவதற்குத்தான் பழக்கம் வேண்டும். ‘ஜாகரி’ நினைவுக்கு வரவில்லையா? கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுக்கிற பழுப்பு இனிப்பு என்று ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு மேலே போங்கள். அப்படிச் சுற்றிச் சொல்லிப் புரியவைப்பதும் சொல்வளக் கணக்கில் சேரும்.

ஊரைப் பற்றிக் கேட்டால் கரிசல் இருக்கிறது. வெயிலில் பாளம்பாளமாக வெடிக்கும், மழையில் காலோடு அப்பும். ‘கிராக்’, ‘ஸ்டிக்’ இரண்டும் போதும். மானாவாரிக்கு ‘ரெயின்ஃபெட்’, காற்றாலைக்கு ‘விண்ட் டர்பைன்’.

கயத்தாறு–கோவில்பட்டி சாலையோரத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன், சம்சாரிகளின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியே தொகுத்துத் தந்தார். புழக்கத்திலிருந்து சொல் சேர்க்கும் அந்த முறை ஆங்கிலத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

சொல்லை ஒற்றையாக எழுதாதீர்கள். கூட வரும் சொல்லோடு எழுதுங்கள். ‘ரெயின்’ அல்ல, ‘ஹெவி ரெயின்’. ‘டிரஸ்ஸிங்’ அல்ல, ‘சேஞ்ச் த டிரஸ்ஸிங்’. டியூட்டி முடிந்ததும் அன்று வார்டில் பார்த்த வேலையை 2 நிமிடம் செல்போனில் பேசிப் பதியுங்கள். திரும்பக் கேட்டு, திக்கிய இடத்துக்கான சொல்லை மட்டும் தேடி நோட்டில் குறித்துக்கொண்டு, மறுநாள் அதே வேலையைப் பற்றி மறுபடியும் பேசுங்கள்.