தொண்டையில் பட்ட காயம் ஆறிய பிறகு

சென்ற மாதம் மகளின் கல்வி உதவிக்கான விண்ணப்பத்தோடு ஒரு சகோதரர் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். அவர் சொன்னது எங்கள் காதில் சரியாக விழவில்லை. மூன்று முறை திரும்பக் கேட்டோம். தொப்பூர் கணவாயில் விபத்து நடந்து இரண்டு வருடம் ஆகிறதாம். "கழுத்துக் காயம் அப்பவே ஆறிடுச்சு பாய், தொண்டை மட்டும் இப்படியே நின்னுடுச்சு" என்றார். பிறகு டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். உயிரைத் திருப்பிக் கொடுத்த அல்லாஹ்விடம் குரலையும் கேட்க வேண்டுமா என்று சிரித்தார். பொறுமை நல்லதுதான். ஆனால் வைத்தியம் உள்ள ஒன்றைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா சுட்டதில், குண்டு இடது காதருகே பாய்ந்து கழுத்துக்குள் சென்றது. அடுத்த மாதத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதிக்குப் பிரச்சாரத்துக்கே போகாமல் வென்றார். கழுத்தில் கட்டோடு இருந்த படம்தான் சுவரொட்டியாக ஊர் ஊராகப் போனது. உயிர் பிழைத்தார், பழைய குரல் திரும்பவில்லை. அதே ஆண்டு வெளியான 'காவல்காரன்' படத்தில் சுடப்படுவதற்கு முன் எடுத்த காட்சி எது, பின் எடுத்த காட்சி எது என்று குரலை வைத்தே சொல்லிவிடலாம். அந்தக் குரலோடுதான் மேலும் பத்தாண்டு நடித்தார், 1977இல் முதலமைச்சரானார். கேட்டவர்கள் காதைப் பழக்கிக்கொண்டார்கள்.

காயம் ஆறியும் குரல் ஏன் திரும்புவதில்லை? தோலும் சதையும் சில வாரங்களில் மூடிவிடும், நரம்பு அப்படியல்ல. நாக்கை அசைக்கும் நரம்பும், விழுங்கவும் பேசவும் உதவும் நரம்புகளும் கழுத்தின் மேல்பகுதியில் நெருக்கமாக ஓடுகின்றன. குரல் நாண்களை அசைக்கும் நரம்போ நெஞ்சு வரை இறங்கி, திரும்பவும் மேலே ஏறி வருகிறது. அதனால் தைராய்டு அறுவை சிகிச்சையிலோ நெஞ்சில் பட்ட அடியிலோ கூடக் குரல் போகலாம். ஒரு பக்க நாண் அசையாமல் நின்றுவிட்டால் இரண்டும் சேர்ந்து மூடாது. குரல் காற்றாகப் போகும், தண்ணீர் குடித்தால் புரையேறும். சிலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே சரியாவதுண்டு. ஆகாதவர்களுக்கு அசையாத நாணை நடுப்பக்கம் தள்ளி வைக்கும் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் இருக்கின்றன. இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி என்ன என்று விட வேண்டாம். குரலைக் காப்பதாக நினைத்துக் குசுகுசுவென்று பேசுவதும் நல்லதல்ல, தொண்டைக்கு அது கூடுதல் சிரமம்.

குரலை விட மூச்சுதான் அவசரம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் தொண்டைக்குள் குழாய் வைத்திருந்தவர்களுக்கு, வீடு திரும்பிய சில வாரங்களிலோ மாதங்களிலோ மூச்சுக்குழாயில் தழும்பு வளர்ந்து வழி குறுகலாம். படி ஏறினால் இரைக்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது விசில் போலச் சத்தம் வரும். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலர் வாங்கிக்கொண்டே காலம் கடத்துவார்கள். முன்பு குழாய் வைத்ததை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம் வந்தால் 108ஐ அழையுங்கள். ஆசிட் குடித்துப் பிழைத்தவர்களுக்கு இதேபோல் உணவுக்குழாய் குறுகும். சோறு இறங்கவில்லை, கஞ்சி மட்டும் இறங்குகிறது என்றால் அதுதான் அறிகுறி.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மெல்லிய குழாய் கேமராவை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தால் நாண்கள் அசைகின்றனவா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். குரல் நிரந்தரமாகப் போனவர்களுக்கு, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சுக் குறைபாட்டையும் கணக்கில் எடுத்திருக்கிறது. சான்றுக்குக் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அவர் பேசும்போது டிவியை அணைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். நாங்களே அன்று அதைச் செய்தோம், இரண்டு முறை தவறாக முடித்து வைத்தோம்.

அந்தச் சகோதரரைப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறோம். ஜும்ஆவுக்கு மறுநாள் நம் உறுப்பினர் ஒருவர் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். இதே தொந்தரவு உள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் உடன் அழைத்துப் போவோம்.