கட்டளைக்குச் செவி சாய்ப்பது எந்த ஷெல்?

2011-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் வந்து சேர்ந்த யந்திரங்களில், விண்டோஸுடன் கூடவே, சென்னை சி-டாக் நிறுவனத்தார் டெபியனை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். அதைத் திறந்து, டெர்மினலில் கட்டளை எழுதிப் பழகும் மாணவனுக்கு விரைவிலேயே ஒரு திகைப்பு நேரும்: புரொஃபைல் கோப்பில் அவன் சேர்த்த வரி புதிய டெர்மினலில் பலிப்பதில்லை, பகலில் கையால் இயக்கியபோது ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், இரவில், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே நடத்தும் கிரான் என்ற புரோகிராம் இயக்கும்போது கட்டளையைக் காணவில்லை என்று முறையிடுகிறது.

நம் கட்டளையை வாங்கி யந்திரத்தை நடத்தும் புரோகிராமே ஷெல். பிரயன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்ட பாஷ் அவற்றுள் பிரசித்தமானது. எண்ணூர் ஆலையொன்றில் ஷிப்டுக்கு வருகிறவர் டைம் ஆபீசில் வருகையைப் பதிந்துவிட்டால், பிறகு ஷெட்டுக்கு ஷெட் போகையில் மறுபடி பதிய வேண்டியதில்லை அல்லவா? அவ்வாறே, பயனர் நுழைகையில் பிறக்கும் லாகின் ஷெல் புரொஃபைல் கோப்பைப் படிக்கிறது. அதன்பின் திறக்கும் டெர்மினலின் ஷெல்லோ பாஷ்ஆர்சி என்ற வேறு கோப்பை மட்டுமே படிக்கிறது. எதிரே மனிதர் அமர்ந்து சம்பாஷிக்கிறாரா, ஸ்கிரிப்ட் தானே ஓடுகிறதா என்பது இதனின்று முற்றும் வேறான கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதே பெரும்பாலான சங்கடங்களுக்கு மூலகாரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

அறியும் உபாயம் எளிது. எக்கோ கட்டளையுடன் $- என்று எழுதினால் வரும் எழுத்துக்களுள் ஆங்கிலச் சிறிய எழுத்தான 'ஐ' இருக்குமானால் அது மனிதரோடு உரையாடும் ஷெல். $0 என்று கேட்டு, வரும் பெயரின் முன்னே ஒரு சிறுகோடு நின்றால், அது லாகின் ஷெல். கோடு இல்லாமலும் லாகின் ஷெல் பிறப்பது உண்டாகையால், பாஷில் ஷாப்ட் கட்டளையிடம் லாகின்_ஷெல் என்ற நிலையைக் கேட்டு, 'ஆன்' என்ற விடையைப் பெறுவதே நிச்சயமானது.

கிரானுக்கு மனிதரும் இல்லை, லாகினும் இல்லை. டெபியனில் அது பாஷைக்கூட அழைக்காமல் எளிய ஷெல் ஒன்றையே அழைத்து, கட்டளைகளைத் தேடும் பாதையையும் மிகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. ஆதலால் கட்டளைகளின் முழுப் பாதையையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவிடுவது உத்தமம். பாஷ்ஆர்சியில் எழுதிவைத்து நிம்மதியடையலாகாது. டெபியன் தரும் அந்தக் கோப்பின் ஆரம்ப வரிகளே, 'ஐ' எழுத்து உண்டா என்று சோதித்து, இல்லையெனில் மேலே படியாமல் அங்கேயே திரும்பிவிடுகின்றன.