பெட்டி மாறிய கடிதங்கள்

சென்ற பொங்கல் விடுமுறைக்கு அண்ணன் மகள் பண்டாரவளைக்கு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இது முதலாம் வருடம். புதிதாக வாங்கிய மடிக்கணனியைத் தோளிற் சுமந்து வந்தவள், தேநீர் குடித்து முடிப்பதற்குள்ளாகவே, "சித்தப்பா, அப்பா உங்களுக்கு எழுதின மின்னஞ்சல்கள் எல்லாம் இருக்கிறதென்று அம்மா சொன்னா. அவற்றை இதிலே ஏற்றித் தர முடியுமா?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன். அவ்வளவு எளிதாக வாக்களித்திருக்கக் கூடாதென்பது மறுநாள் விளங்கிற்று.

அண்ணன் 2004 ஆம் ஆண்டு முதல் 2009 வரை கட்டார் நாட்டின் தோஹா நகரிலே வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய மறு வருடமே காலமானார். அப்பொழுது இவளுக்கு நான்கு வயது. தகப்பனின் குரல் எப்படியிருந்ததென்று கூட அவளுக்கு ஞாபகமில்லை. அவர் எழுதியவை அனைத்தும், எங்கள் வீட்டு அலுமாரியின் மேலே பழைய சேலையொன்றாற் போர்த்தி வைத்திருந்த கணனிப் பெட்டிக்குள் இருந்தன.

மின்னஞ்சல் என்றால் எங்கோ தூரத்தில் அது பத்திரமாக இருக்கும் என்றே இக்காலத்து மாணவர் எண்ணுகின்றனர். இன்று பெரும்பாலும் அது உண்மையே. கடிதங்கள் சேவை நிறுவனத்தின் கணனியிலேயே தங்கியிருக்க, நாம் கைத்தொலைபேசியிலோ மடிக்கணனியிலோ அவற்றைப் பார்க்கின்றோம். அன்றைய வழக்கம் வேறு. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைத் தொடுப்போம். நிமிடந்தோறும் கட்டணம் ஏறும். ஆதலால், தபாற்கந்தோருக்கு ஓடிச் சென்று பையை நிரப்பிக்கொண்டு திரும்புபவனைப் போல, வந்த கடிதங்களை வீட்டுக் கணனிக்கு இறக்கிவிட்டு உடனே தொடர்பைத் துண்டிப்போம். பொப்-3 என்னும் அம்முறையில், 'பிரதி அங்கேயே இருக்கட்டும்' என்று நாமாகக் குறித்து வைத்தாலன்றி, கடிதம் வீட்டுக்கு வந்ததும் அஞ்சற் பெட்டியிலிருந்து அழிந்துவிடும். நான் குறித்து வைக்கவில்லை. ஆகவே அண்ணனின் கடிதங்களுக்கு உலகத்தில் ஒரேயொரு பிரதிதான் இருந்தது.

அதுவும் ஒருமுறை தப்பிப் பிழைத்த பிரதி. 2014 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் திகதியுடன் விண்டோஸ் எக்ஸ்பிக்கான பராமரிப்பை மைக்ரோசொப்ட் நிறுவனம் நிறுத்தியபோது நானும் வேறு கணனி வாங்கினேன். பழையதைக் கழிவு விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன கடைக்காரப் பையன், "உள்ளே இருப்பதையெல்லாம் நானே அழித்துவிடுகிறேன், சேர்" என்றும் உபகாரமாகச் சொன்னான். ஏனோ மனம் இடங்கொடுக்கவில்லை, தூக்கி வந்துவிட்டேன்.

இப்பொழுது அதைத் திறந்தபோது உள்ளே மலைநாட்டு ஈரத்தின் பூஞ்சணமும் பல்லி முட்டை இரண்டும் இருந்தன. தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவ மின்கலம் செத்துப் போயிருந்தது. புதியதைப் போட்டதும் கணனி உயிர்பெற்றது. திகதியை மட்டும் 2002 ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் என்று காட்டிற்று.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் அக்காலச் செயலி, ஒவ்வொரு பிரிவின் கடிதங்களையும் 'டி.பி.எக்ஸ்.' என முடியும் ஒரே கோப்பாகக் கட்டி, எளிதிற் கண்ணிற் படாத உட்கோப்புறை ஒன்றிலே வைக்கும். 2007 இல் வெளிவந்த விஸ்டாவில் அச்செயலிக்கு இடமில்லாமற் போயிற்று. அக்கோப்பை அப்படியே புதிய கணனிக்குக் கொண்டுபோனால் அதைத் திறப்பது பெரும்பாடு. பழைய கணனி உயிரோடு இருக்கும்போதே, செயலியைத் திறந்து கடிதங்களைத் தெரிவுசெய்து, வெறுங் கோப்புறை ஒன்றுக்கு இழுத்துவிடுவதே நல்ல வழி. ஒவ்வொரு கடிதமும் 'இ.எம்.எல்.' என்ற தனிக் கோப்பாக வந்து விழும். அதை இன்றைய செயலிகள் பலவும் வாசிக்கும். அண்ணனுடையவை 214 இருந்தன. அவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, மகளின் மடிக்கணனியிலுள்ள தண்டர்பேர்ட் செயலியில் இறக்கினோம்.

கடிதங்கள் வந்தன, தமிழ் வரவில்லை.

வரிக்கு வரி ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. 'அம்மா' என்ற சொல் இருக்கவேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தும் வரிசையாக நின்றன. பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "பழுதாகிப் போச்சா, சித்தப்பா?" என்றாள்.

பாமினி எழுத்துரு புதிய கணனியில் இல்லை; வேறொரு பழுதுமில்லை. நேயர்களே, கணனிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கிலச் சிறிய 'எம்' எழுத்துக்கு அது வைத்திருக்கும் எண் 109. பாமினியைச் செய்தவர்கள் அந்த 109 க்கே 'அ' என்ற உருவத்தை வரைந்துவிட்டனர். எழுத்துரு உள்ள கணனியில் அது 'அ' என்று தோன்றும். இல்லாத கணனியில், காமன் கூத்து முடிந்து வேடம் கலைத்தவனைப் போல, வெறும் 'எம்' ஆகிவிடும். அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் ஒழுங்கு வைத்திருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. நம் நாட்டிலோ பாமினியே வேரூன்றிற்று. அதன் விசைகள் பெரும்பாலும் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் ஒழுங்கிலேயே அமைந்திருந்தது அதற்கொரு காரணமென்பது என் எண்ணம். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்தவர் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நல்லது. அண்ணனும் பண்டாரவளை நகரில் தட்டச்சுப் பயின்றவர். விசையைப் பாராமலே அடிப்பார். தோஹாவுக்குப் புறப்பட்ட நாளில் பாமினியை ஒரு நெகிழ்வட்டில் இட்டு, கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

1991 இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிகோட் என்னும் ஒருங்குறி, தமிழுக்குத் தனியிடம் ஒதுக்கியது. அதில் 'அ' வின் எண் 2949. 'ம' வின் எண் 2990. இன்று நாம் கைத்தொலைபேசியில் அடிக்கும் தமிழெல்லாம் அவ்வகையே. எனவே இரண்டு காரியம் செய்தோம். பாமினியைப் புதிய கணனியில் நிறுவி, மூலக் கடிதங்களை அவை வந்தபடியே வைத்தோம். பின்னர் எழுத்து மாற்றியின் உதவியால் இன்னொரு பிரதியை ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றிக்குத் தமிழ் எது, ஆங்கிலம் எது என்ற பேதம் தெரியாது. அண்ணன் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்த 'தோஹா', 'னுழாய' என்று மாறி நின்றது. திருத்தப் போனேன். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்று சிரித்தாள். அப்பா னுழாயவில் இருந்தவராகவே இப்பொழுது அவள் பேசுகிறாள்.

கணக்கு அமைப்புகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய கணனியிலுள்ள 110, 25 என்ற வாயில் எண்கள் காவலில்லாத வாயில்கள். இன்று 995 அல்லது 993 உம், அனுப்புவதற்கு 587 உம் வழக்கில் உள்ளன. அவற்றைப் புதிதாகவே இட்டுக்கொள்ளலாம். கடவுச்சொல்லை மாத்திரம் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விண்டோஸ் 10 க்கான பொதுப் பராமரிப்பும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பல வீடுகளிற் கணனி மாறும் காலமிது. பழையதைக் கடைக்குக் கொடுக்குமுன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மீட்க முடியவில்லை. நான் அண்ணனுக்கு எழுதியவை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் செயலியை நூறு முறை மூடியதும், கோப்புகளைச் சுருக்கிக் கட்டலாமா என்று அது கேட்கும். ஓர் ஐப்பசி மாலையில் ஆம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். இடி இடித்து மின்சாரம் நின்றது. அன்றோடு 'அனுப்பியவை' என்ற பிரிவு வெறுமையாயிற்று. நான் எழுதியதுதானே என்று அப்பொழுது பொருட்படுத்தவில்லை.

ஆதலால் மகளிடம் இருப்பது பாதிப் பேச்சு. 2007 ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் அண்ணன் எழுதுகிறார்: "நீ கேட்டதற்கு என் பதில் ஆம் என்பதே. வீட்டில் இப்போது சொல்ல வேண்டாம்." என்ன கேட்டீர்கள் என்று அவள் விசாரித்தாள். விடுமுறை முடிந்து புகையிரத நிலையத்தில் விடைபெறும்போதும் மறுபடி கேட்டாள். யோசித்துக்கொண்டே இருக்கின்றேன், இன்னும் நினைவுக்கு வரவில்லை.