என் நாத்தனாரும் டாக்டர்தான்... ஆனால் ஊசி போட மாட்டாள்!



சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பாட்டி ஒருவர் வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "ஏத்தா, ஒன் நாத்தனா டாக்டருக்குப் படிச்சு முடிச்சுட்டாளாமே, இந்த முட்டி வலிக்கு ஒரு ஊசி போடச் சொல்லேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ ஊசி போடுற டாக்டர் இல்லை பாட்டி. மனசுக்குப் பார்க்கிற படிப்புல பட்டம் வாங்கியிருக்கா" என்றேன். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, "மனசுக்கு எதுக்குத்தா டாக்டரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பத்தாவது வரை படித்திருக்கிறேன். கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2010ல் எனக்கு மூத்த மகள் பிறந்தாள். சுகப்பிரசவம்தான். ஆனால் இரண்டு வாரம் கழித்தும் எனக்கு ராத்தூக்கம் இல்லை. குழந்தை தூங்கினாலும் நான் தூங்க மாட்டேன். காரணம் தெரியாமல் அழுகை வரும். பெற்ற பிள்ளையைத் தூக்கவே பயம். 'நீயெல்லாம் ஒரு தாயா?' என்று என் மனசே என்னைத் திட்டும். ஒருநாள் விடிகாலையில் கிணற்றடியில் போய் நின்றேன். எதற்காக நின்றேன் என்று வெளியே சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆனது.

பச்சை உடம்புக்காரிக்குக் காத்து கருப்பு பட்டுவிட்டது என்றார்கள். மந்திரித்தார்கள். வேப்பிலை அடித்தார்கள். என் மாமியார் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் நாத்தனார், கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்த பழைய பேப்பரில் பெண்கள் பக்கம் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு பற்றி ஒரு கட்டுரை. அதைக் கிழித்து வந்து, "அண்ணே, அண்ணிக்கு இருக்கிறது அப்படியே இதுல போட்டிருக்கு. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்று சண்டை போட்டாள். கணவர் என்னை அழைத்துப் போனார். மாத்திரையும், வாரம் ஒருமுறை பேசிய ஒரு அம்மாவின் பேச்சும் என்னை மீட்டுக் கொடுத்தன. மாத்திரை எழுதியவர் மனநல மருத்துவர். பேசிய அம்மா மருத்துவ உளவியலாளர். இருவரும் வேறு வேறு என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்த வித்தியாசத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர், மருந்து கொடுப்பார். மருத்துவ உளவியலாளர் சைக்காலஜி படித்தவர். சோதனைகள் வைத்து மனநிலையை அளப்பார், பேச்சு மூலமாகவும் பயிற்சி மூலமாகவும் குணப்படுத்துவார், மருந்து எழுத மாட்டார். நாட்டில் இதற்கான பயிற்சி இன்று நேற்று வந்ததில்லை. பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என்று சொல்கிற மனநல நிலையத்தில் 1955லேயே தொடங்கிவிட்டார்கள்.

"நானும் அந்த அம்மா மாதிரி ஆகப்போறேன் அண்ணி" என்றாள் நாத்தனார். சொன்னபடி சென்னையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. சைக்காலஜி, பிறகு எம்.எஸ்சி. முடித்தாள். "பைத்தியத்துக்குப் படிக்கிற புள்ளையை எவன் கட்டுவான்?" என்று சொந்தக்காரர்கள் கேட்டதை நான் எண்ணி வைக்கவில்லை.

எம்.எஸ்சி. முடித்தால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். போதாதாம். நோயாளிக்குச் சிகிச்சை தர வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்கு 1992ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அவள் படித்த காலத்தில் அந்தப் பதிவுக்கு முக்கிய வழி, கவுன்சில் அங்கீகரித்த இடத்தில் இரண்டு வருஷ முழுநேர எம்.பில். அதற்கு நுழைவுத் தேர்வு, நேர்முகம். இடங்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2016ல் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒரு வருஷம் படித்தாள். 2017ல் கிடைத்தது. பத்து நாளில் பணம் கட்டச் சொன்னார்கள்.

அதே வாரத்தில் ஒரு நல்ல வரனும் வந்தது!

மாமியார் வரன் பக்கம். கணவர் வாயே திறக்கவில்லை, கடையில் சரக்குக் கடன் வேறு. அவள் அழவில்லை. அடுப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். எனக்குக் கிணற்றடி ஞாபகம் வந்தது. என் அம்மா போட்ட ஆறு பவுன் வளையலைக் கழற்றினேன். அடகு வைத்ததில் 95 ஆயிரம் கிடைத்தது. மீதியைக் கணவர் புரட்டினார். மாமியார் என்னோடு ஒரு மாசம் பேசவில்லை.

பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வட்டி கட்ட முடியாமல் அந்த வளையல் மூழ்கிப்போனது. ஏல நோட்டீஸ் வந்த அன்று அவள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போனில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. இரண்டு மாசம் அப்படியே இருந்தேன். நல்லது செய்த பிறகும் மனசு இப்படித்தான் கணக்குப் பார்க்கும் போலிருக்கிறது.

அந்த இரண்டு வருஷமும் அவளுக்கு ஆஸ்பத்திரி வார்டிலேயே போனது. மூத்தவர்கள் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது, அவர்கள் வரலாற்றை எழுதுவது, சோதனை வைப்பது, ஒரு ஆய்வுக்கட்டுரை. முடித்துப் பதிவு எண்ணும் வாங்கினாள். இனி வேலைக்குப் போவாள் என்று இருந்தால், "அண்ணி, பி.எச்டி. பண்ணணும். பிரசவமான கிராமத்துப் பொம்பளைங்க மனசைப் பத்தி" என்றாள். யாரை மனசில் வைத்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

பி.எச்டி.க்கு மனுப் போடும்போது நடந்த ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு தரகர் வீட்டுக்கே வந்தார். "ஒரே வருஷத்துல டாக்டர் பட்டம், நீங்க எழுதவே வேண்டாம், பணத்தை மட்டும் கட்டுங்க" என்றார். என் கணவருக்குக்கூட ஆசை வந்துவிட்டது. அவள் கும்பிட்டு அனுப்பிவிட்டாள். சகோதரிகளே, ஏமாந்துவிடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி பி.எச்டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம் வேண்டும். வழக்கமான உச்சவரம்பு ஆறு வருஷம். பெண்களுக்கு இன்னும் இரண்டு வருஷம் சலுகை உண்டு. பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. என் நாத்தனாருக்கு 2021ல் கல்யாணமாகி, அடுத்த வருஷக் கடைசியில் பிள்ளை பிறந்தபோது அந்த விடுப்புதான் கை கொடுத்தது.

சேருவதற்கு 'நெட்' தேர்வோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வோ தேற வேண்டும். பிறகு எதை ஆராயப் போகிறோம் என்று எழுதி, நேர்முகத்தில் விளக்க வேண்டும். வழிகாட்டி ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எப். வாங்கினால் உதவித்தொகை உண்டு, 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37 ஆயிரம் ரூபாய் என்று உயர்த்தினார்கள். என் நாத்தனாருக்கு அது கிடைக்கவில்லை. பகுதிநேரமாக வேலை பார்த்துக்கொண்டே செய்தாள்.

2019ல் சேர்ந்தாள். முதலில் வகுப்புப் பாடம், அதற்குப் பரீட்சை. பிறகு நெறிமுறைக் குழுவின் அனுமதி. ஆராய்ச்சியில் கலந்துகொள்ளும் பெண்ணுக்கு எல்லாம் புரிய வைத்து, சம்மதக் கையெழுத்து வாங்கி, வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்ல வேண்டுமாம். அந்தப் படிவத்தை என்னிடம்தான் முதலில் படித்துக் காட்டினாள். 'மனச்சோர்வு' என்று எழுதியிருந்தாள். "இதைக் கேட்டா வேலை செஞ்ச களைப்புன்னு நினைப்பாங்க. எதுலயும் மனசு ஒட்டலையான்னு கேளு, புரியும்" என்றேன். உடனே நோட்டில் குறித்துக்கொண்டாள்.

எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1987ல் வந்தது. பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. இப்படிப்பட்ட அளவுகோலில் வார்த்தையை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாதாம். ஒருவர் தமிழாக்கினால், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். படிப்பு என்றால் எவ்வளவு பொறுமை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வேலை அப்படியே நின்றது. மறுபடி தொடங்கியபோது வேறு சிக்கல். பெற்ற பெண்ணிடம் கேள்வி கேட்டால் பதில் மாமியாரிடமிருந்து வரும்! "அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா" என்பார்கள். மருமகள் தலையைக் குனிந்துகொள்வாள். நாலு மாசம் இப்படியே போனதும், "விட்டுடறேன் அண்ணி, என்னால முடியலை" என்று ஒருநாள் அழுதாள். அத்தனை வருஷத்தில் அவள் அழுது அன்றுதான் பார்த்தேன்.

"நாளைக்கு நானும் வரேன்" என்றேன்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் கட்டணமில்லா டவுன் பஸ்ஸில், தைலமரக் காடுகளைத் தாண்டி ஊர் ஊராகப் போனோம். நான் மாமியார்களைத் திண்ணைக்கு அழைத்து வந்து, பிள்ளைப்பேற்று மருந்து எப்படிக் கிண்டுவது, பேரன் யார் ஜாடை என்று பேச்சுக் கொடுப்பேன். உள்ளே அவள் கதவைச் சாத்திக்கொண்டு மருமகளிடம் பேசுவாள். சில வீட்டில் பத்து நிமிஷம். ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. "என்னடி சொன்னா?" என்றேன். "அதைச் சொல்லக்கூடாது அண்ணி" என்றாள். அந்தப் பெண்ணைச் சம்மதிக்க வைத்து, மறுநாளே அரசு மருத்துவமனைக்குத் தானே உடன் போனாள். இன்றுவரை எனக்கு அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. டாக்டர் பட்டத்துக்கு அவள் தகுதியானவள் என்று எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

அதன் பிறகு கணக்குப் போட்டு எழுதினாள், வழிகாட்டி திருத்தினார், மறுபடி எழுதினாள். வேறு யாருடைய எழுத்தும் கலக்கவில்லை என்று கம்ப்யூட்டரில் சோதித்தார்கள். வெளியூர்ப் பேராசிரியர்களுக்கு அனுப்பினார்கள். 2025ல் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றதால் நானும் மாமியாரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். எல்லாம் ஆங்கிலம். ஒரு பேராசிரியர் மட்டும் நடுவில் தமிழில், "மாமியார் இல்லாம தனியாப் பேச எப்படிம்மா விட்டாங்க?" என்று கேட்டார். அவள் திரும்பி என்னைக் காட்டி, "எங்க அண்ணி திண்ணையில பேசிக்கிட்டு இருந்தாங்க சார்" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் இப்போதும் கவரிங் வளையல்தான்.

வீட்டில் மகளுக்கோ நாத்தனாருக்கோ இந்தப் படிப்பில் ஆசையிருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். வெறும் பி.எச்டி. இருந்தால் மட்டும் சிகிச்சை தர முடியாது, கவுன்சில் பதிவு தரும் பயிற்சி முக்கியம். பழைய எம்.பில். பட்டத்தை நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டித்தார்கள். அதற்குப் பதிலாக நாலு வருஷ பி.எஸ்சி. ஆனர்ஸ், அதற்கு மேல் முதுகலை என்று புது வழி வந்திருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அந்த இடம் மறுவாழ்வுக் கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படிக்க ஆளில்லாத வீடுகளுக்கும் ஒன்று. நம்மைப் போன்ற வளரும் நாடுகளில், பிரசவித்த 100 பெண்களில் சுமார் 20 பேருக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரசவமான முதல் சில நாள் அழுகை பலருக்கும் வரும், தானே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். வெளியே சொல்லத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனாஸ்' சேவை அது, தமிழிலும் பேசுவார்கள். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள், அவளைத் தனியாகவும் விடாதீர்கள்.

அன்று நாத்தனார் கிழித்து வந்த அந்தப் பேப்பர், மடிப்பில் நைந்துபோய் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதை எழுதிய சகோதரி யார் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பக்கமும் எங்கேயோ ஒரு மளிகைக் கடையில் பொட்டலமாகும். அதைப் பிரித்துப் படிக்கிற ஒரு பெண்ணுக்காகத்தான் இதை எழுதினேன்.

— ஒரு வாசகி, அரிமளம்.