உப்பின் பெரும்பங்கு

1979-இல் அமெரிக்காவில் சில கைக்குழந்தைகள் பால் குடிக்க மறுத்து, எடை கூடாமல், துவண்டுபோய் மருத்துவர்களிடம் வந்தார்கள். இரத்தத்தில் காரத்தன்மை ஏறியிருந்தது. குளோரைடு வெகுவாகக் குறைந்திருந்தது. அவர்கள் குடித்தது சோயாவில் தயாரித்த புட்டிப்பால். பச்சிளம் உடலுக்கு உப்பு அதிகம் ஆகாது என்ற நல்லெண்ணத்தில் அதில் உப்புச் சேர்ப்பதைத் தயாரிப்பாளர்கள் நிறுத்தியிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். மறு ஆண்டே அங்கே புட்டிப்பாலுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கட்டாயம் இருக்க வேண்டிய சத்துகளின் பட்டியலில் குளோரைடும் இடம்பெற்றது.

உப்பு என்றதும் நாம் சோடியத்தைத்தான் பேசுகிறோம். ஆனால் 10 கிராம் உப்பில் சோடியம் ஏறத்தாழ 4 கிராம்தான். மீதி 6 கிராம் குளோரைடு. இந்தப் பெரும்பங்கை யாரும் கவனிப்பதில்லையே என்பது என் நெடுநாள் மனக்குறை.

குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள் உண்டு. எட்டாவதற்காக அது எதிர்ப்பட்ட பொருளையெல்லாம் தாக்கும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியப் படை திறந்துவிட்ட குளோரின் வாயு, வீரர்களின் நுரையீரலை அரித்தது இந்தக் குணத்தால்தான். அந்த ஓர் எலக்ட்ரான் கிடைத்துவிட்டால் அதே அணு குளோரைடு அயனி ஆகிவிடுகிறது. பிறகு யாரையும் சீண்டாமல் நீரில் கரைந்திருக்கும். ஒரு கிலோ கடல்நீரில் அது சுமார் 19 கிராம் இருக்கிறது. பள்ளி ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட்டை விட்டதும் தயிர்போல் வெள்ளையாகத் திரளுமே, அந்த வீழ்படிவுதான் குளோரைடுக்கு அடையாளம்.

உடலில் அதன் முக்கியமான வேலைக்களம் இரைப்பை. அங்கே சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று 1824-இல் வெளியான கட்டுரையில் லண்டன் மருத்துவர் வில்லியம் ப்ரௌட் காட்டினார். இரைப்பைச் சுவரின் செல்கள் இரத்தத்திலிருந்து குளோரைடை வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒரு பைகார்பனேட்டைத் திருப்பித் தருகின்றன. விடாமல் வாந்தி எடுத்தால் குளோரைடு வெளியே போய்விடும். காரமான பைகார்பனேட் இரத்தத்திலேயே தங்கிவிடும். மிகுந்துபோன பைகார்பனேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றலாமே என்று தோன்றும். அங்கும் அதே கொடுக்கல் வாங்கல்தான். சிறுநீரில் வந்துசேரும் குளோரைடை உள்ளே இழுத்துத்தான் அது பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. குளோரைடு இல்லாவிட்டால் அந்த வழியும் அடைபடும். அந்தக் குழந்தைகளின் இரத்தம் காரமானதும் இப்படித்தான். இத்தகைய நிலையில் நரம்பில் ஏற்றும் சலைன், லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த நீர், நிலைமையைச் சீராக்குவதற்கு அதிலுள்ள குளோரைடே முக்கியக் காரணம்.

வழக்கமான சாப்பாட்டில் குளோரைடுக்குக் குறையே வராது. ஒரு நாளின் வரம்பாகச் சொல்லப்படும் 5 கிராம் உப்பிலேயே 3 கிராம் கிடைத்துவிடும். ஆபத்து, இழப்பு ஏற்படும்போதுதான்.

காலராவில் அந்த இழப்பு கொடூரமாக நடக்கிறது. குடலைத் தாக்குவது காலராக் கிருமி வெளியிடும் நஞ்சு என்பதை 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் டே நிறுவினார். குடல் செல்களில் குளோரைடு போகும் வாயில்களை அந்த நஞ்சு மூடவிடாமல் திறந்தே வைக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. சோடியம் அதைத் தொடர்கிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. சில மணி நேரத்தில் உடல் வற்றிவிடும்.

இப்படி இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கத் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்: சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். நான்கில் இரண்டு குளோரைடுகள். இந்த அளவு ஒரு லிட்டர் நீருக்கானது. முழுப் பொட்டலத்தையும் ஒரு தம்ளரில் கரைத்தால் கரைசல் கெட்டியாகி, குடலுக்குள் இன்னும் நீரை இழுக்கும். காய்ச்சி ஆறவைத்த நீரை ஒரு லிட்டர் அளந்து, மொத்தமாகக் கொட்டிக் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.